நாற்பத்தாறு பிள்ளைகளும் இரண்டு ரிஜிஸ்டரும்

அடுத்த அறையிலிருந்து இரண்டு பெண் குரல்கள் ஒரே நேரத்தில் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கின. ஒன்று கணீரென்ற குரல், இன்னொன்று கீச்சுக் குரல். ஒரு பெயர் முடிவதற்குள் இன்னொரு பெயர் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தது. யார் யாருக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமல் பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர்" என்று கத்தித் தீர்த்தார்கள்.

ஆபீஸ் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த அதிகாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நகரத்துக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருப்பவர். முப்பது, முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். மலைப்பாதையில் ஜீப்பில் குலுங்கி வந்த களைப்பு முகத்தில் இன்னும் போகவில்லை.

"என்னம்மா அது, டீச்சருங்களுக்குள்ள சண்டையா?"

"ஐயோ, சண்டை இல்ல சார். அட்டெண்டன்ஸ் எடுக்குறாங்க" என்றாள் எழுத்தர். முப்பத்தொரு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஊருக்கு மறந்தே போய், சின்னது பெரியது எல்லாருக்கும் அவள் ரிஜிஸ்டரக்காதான்.

"அட்டெண்டன்ஸா? ரெண்டு பேருமா?"

"இன்னிக்குத் தேதி முப்பத்தொண்ணு இல்லையா சார், அதான்."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ரிஜிஸ்டரக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். இதை வெளியாளுக்குச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

"இங்க ரெண்டு பள்ளிக்கூடம் சார். மேட்டூர்க்காரங்களுக்கு ஒரு ரிஜிஸ்டர், ஆத்தங்கரைக்காரங்களுக்கு ஒரு ரிஜிஸ்டர். யார் பேரை முதல்ல கூப்பிடறதுன்னு ஒரு தகராறு வந்துச்சு. ஒத்தைப்படைத் தேதியில மேட்டூர் முதல்ல, ரெட்டைப்படைத் தேதியில ஆத்தங்கரை முதல்லன்னு முடிவு பண்ணாங்க. முப்பத்தொண்ணு வந்தா மறுநாள் ஒண்ணாம் தேதி, அதுவும் ஒத்தைப்படை. அடுத்தடுத்து ரெண்டு நாள் மேட்டூரே முதல்லயான்னு ஆத்தங்கரைக்காரங்க கொடி பிடிச்சிட்டாங்க. அதனால முப்பத்தொண்ணாம் தேதி மட்டும் ரெண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டுடறது."

அதிகாரி ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் சேர்ந்து சிரித்தாள். பாவம், எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறாள்! அந்தச் சிரிப்பு அவர் தோல்பையைத் திறந்து நீல நிற ஃபைலை வெளியே எடுக்கும்வரைதான் நீடித்தது.

"நாப்பது பிள்ளைங்களுக்குக் கீழ இருந்தா மூடணும்னு உத்தரவு. உங்க மேட்டூர்ப் பள்ளியில இருபத்துநாலு. ஆத்தங்கரைப் பள்ளியில இருபத்திரண்டு. ரெண்டுமே மூடற பட்டியல்ல இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பட்டியல் முடிஞ்சிடும்மா."

அவளுக்கு இந்தச் செய்தி புதிதல்ல. இரண்டு மாதமாகத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு மனிதர் நேரில் வந்து வாயால் சொல்லும்போது அது வேறு மாதிரிதானே இருக்கிறது.

*

அந்தக் கல்வி வட்டத்தில் ஒரு காலத்தில் ஐந்து ஊர்கள், ஐந்து பள்ளிக்கூடங்கள். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஐந்து ஊரும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு கல் சுமந்து, மரம் அறுத்துக் கட்டியவை. பக்கத்து ஊரில் இரண்டு ஜன்னல் என்றால் நம் ஊரில் மூன்று ஜன்னல் என்று வீம்பு. பிறகு ஐந்தையும் ஒரு வட்டமாக்கி, வட்டத்துக்கு ஓர் அலுவலகம் வைக்க அரசாங்கம் ஒரே ஒரு மேசையை அனுப்பியது. அது மேட்டூருக்கா, ஆற்றங்கரைக்கா? இரண்டு ஊரும் ஒரு மாதம் அடித்துக்கொண்டன. கடைசியில் மேசையை நடுவில் அறுத்து ஆளுக்கு இரண்டு காலாக எடுத்துப் போனார்கள். இரண்டு கால் மேசை நிற்குமா? மேட்டூர்க்காரர்கள் தங்கள் பாதியைச் சுவரில் ஆணி அடித்து நிறுத்தினார்கள். ரிஜிஸ்டரக்கா முப்பத்தொரு வருஷமாக எழுதுவது அந்தப் பாதி மேசையில்தான்.

அவள் பிறந்தது மேட்டூரில். இருபத்திரண்டாவது வயதில் இந்த வேலைக்கு வந்தாள். வந்த நாலாவது மாதமே ஆற்றில் வெள்ளம் வந்து, கீழே ஆற்றங்கரை ஊரின் பள்ளிக்கூடத்தை அஸ்திவாரத்தோடு அடித்துக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் தப்பித்தார்கள். அவர்களோடு தப்பித்தது ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஊறிப்போன சேர்க்கைப் பதிவேடு. அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து மேடு ஏறி வந்தவன் ஒரு மோட்டார் மெக்கானிக். கெட்டிக்காரன், வாயாடி.

"பொட்டியைப் பத்திரமாப் பாத்துக்கோங்க. எங்க ஊர்ப் பள்ளிக்கூடமே இதுக்குள்ளதான் இருக்கு" என்றான்.

ஏழு நாள், ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கயிற்றில் தொங்கவிட்டு உலர்த்தி, அழிந்தும் அழியாமலும் இருந்த அறுபத்தெட்டுப் பெயர்களைப் புதிய பதிவேட்டில் ஏற்றினாள். ஏழு நாளும் அந்த மெக்கானிக் எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் வந்துபோனான். எட்டாவது நாளும் வந்தான். எழுத்து முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு வருகிறாய் என்று அவளும் கேட்கவில்லை. அடுத்த வருஷமே கல்யாணம். இரண்டு ஊருக்கும் நடுவில் அன்றுவரை நடந்த ஒரே கல்யாணம் அதுதான்.

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைப் பிள்ளைகள் மேட்டூர்க் கட்டிடத்தில் படிக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. ஆனால் ஆற்றங்கரைக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். "கட்டிடம்தான் போச்சு, பள்ளிக்கூடம் போகல. எங்க பிள்ளைங்க பேரு எங்க ரிஜிஸ்டர்லதான் இருக்கணும்." மேட்டூர்க்காரர்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. "பின்னே? எங்க ரிஜிஸ்டர்ல அவங்க பேரா?" என்றார்கள். ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை, ஒரே பெஞ்சு. பதிவேடு மட்டும் இரண்டு. வாசலில் பெயர்ப்பலகை இரண்டு, அங்குல அளவெடுத்து ஒரே உயரத்தில்.

அவளுக்கே ஒரு மகள் பிறந்து ஐந்து வயதானபோது எந்த ரிஜிஸ்டர் என்ற கேள்வி வந்தது. தகப்பன் வழி என்று ஆற்றங்கரை ரிஜிஸ்டரில் எழுதினாள். அவளுடைய அண்ணன் ஒரு வருஷம் அவள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இப்படியே போயிற்று. இதற்கிடையில் வட்டத்தின் மற்ற மூன்று பள்ளிக்கூடங்களும் ஒவ்வொன்றாக மூடின. முதலில் கல்குவாரி ஊர். பிறகு காட்டோர ஊர். பிறகு கணவாய் ஊர். மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்கும் மாற்றுச் சான்றிதழ் எழுதியது அவள் கைதான். பள்ளிக்கூடம் மூடினால் ஒரு ஊர் எப்படிச் சாகும் என்று அவளுக்குத் தெரியும். முதல் வருஷம் பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் எழுந்து நகரத்துப் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். இரண்டாம் வருஷம் சின்னப் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் நிறுத்திவிடுவார்கள். மூன்றாம் வருஷம் பிள்ளைக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாக இறங்கும். கல்குவாரி ஊரில் இப்போது இரண்டு கிழவர்களும் நாலு நாய்களும்தான் மிச்சம்.

நாற்பது என்ற உத்தரவு வந்த அன்றே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. இருபத்துநாலும் இருபத்திரண்டும் நாற்பத்தாறு. உத்தரவிலேயே வழியும் இருந்தது. ஒரே கட்டிடத்தில் நடக்கும் இரண்டு பள்ளிகள் விரும்பினால் இணைந்துகொள்ளலாம். ஒரே ஒரு படிவம். அதில் இரண்டு கட்டம். 'இணையும் பள்ளி' என்று ஒன்று, 'ஏற்கும் பள்ளி' என்று ஒன்று. இரண்டு ஊர்ப் பள்ளிக் குழுத் தலைவர்களும் ஆளுக்கொரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால் போதும். இணையும் பள்ளியின் பெயர் போய்விடும். பிள்ளைகள் இருப்பார்கள்.

மேட்டூர்த் தலைவர் அவளுடைய அண்ணன், மாவு மில்காரர். ஆற்றங்கரைத் தலைவர் அவள் கணவனின் அண்ணன், செங்கல் சூளைக்காரர். இரண்டு பேரும் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பவர்கள். இரண்டு மாதமாக இரண்டு பேரிடமும் மாறி மாறி நடந்தாள். இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "ஏற்கும் பள்ளியிலன்னா இப்பவே போடறேன். இணையும் பள்ளியிலன்னா என் பொணத்துக்கிட்ட வாங்கிக்கோ."

*

"என் கண்ணு நாப்பத்தாறு பிள்ளைங்களைப் பாக்குதும்மா" என்றார் அதிகாரி, வகுப்பறை வாசலில் நின்று எண்ணி முடித்துவிட்டு. "ஆனா என் கை ரிஜிஸ்டர்ல இருக்கறதைத்தான் எழுத முடியும்."

முன்வரிசையில் ஒரு ஆறு வயதுப் பெண், விளையாட்டாகத் தன்னையும் எண்ணச் சொல்லிக் கையைத் தூக்கினாள். ஏற்கெனவே எண்ணிவிட்டதாக அவர் தலையை ஆட்டினார்.

"சார், ஒரே ஒரு தடவை" என்று ரிஜிஸ்டரக்கா கையைக் கூப்பினாள். "நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"மலை இறங்கவே ரெண்டு மணி நேரம் ஆகும். மூணு மணிக்குக் கிளம்பினாத்தான் அஞ்சுக்குள்ள கொண்டுபோய்க் கொடுக்க முடியும்."

"மூணு மணிக்குள்ள கையெழுத்தோட வரேன் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே கால். பையிலிருந்து படிவத்தில் இரண்டு பிரதிகளை எடுத்து, "ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு இருக்கட்டும்" என்று கொடுத்தார். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசே வினையாகும் என்று அவருக்குத்தான் தெரியுமா, அவளுக்குத்தான் தெரியுமா?

பட்டறையில் ஒரு பம்புசெட்டைப் பிரித்துப் போட்டிருந்த கணவனைக் கிரீஸ் கையோடு இழுத்து வந்தாள். கணவனின் அண்ணனுடைய சூளை ஆற்றுக்கு அக்கரையில். அங்கே போகும் பாலம் உடைந்து கிடக்கிறது. சுற்றிக்கொண்டு போய் வர மோட்டார் சைக்கிளில் நாலு மணி நேரம் ஆகும். அண்ணனின் மில் நேர் எதிர்ப்பக்கம், மேட்டுப் பாதையில் நடந்து ஒரு மணி நேரம். ஒரே தாளைத் தூக்கிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போக நேரம் பத்தாது.

"என்னங்க, நல்லாக் கேட்டுக்கோங்க. என் அண்ணன் கால்ல நான் விழறேன். அவர் 'இணையும்'ல போடுவார். உங்க அண்ணன் 'ஏற்கும்'ல போட்டாப் போதும். ரெண்டு தாளையும் சேர்த்துக் கொடுத்தா ஏத்துக்குவீங்களா சார்?"

"ஒரு தாள்ல இணையும், இன்னொரு தாள்ல ஏற்கும். ரெண்டையும் சேர்த்துத் தைச்சுக்கலாம். தப்பில்ல" என்றார் அதிகாரி.

"அப்போ எங்க ஊர் ஜெயிக்குது!" என்றான் கணவன், கையைத் துடைத்துக்கொண்டே.

"இந்த வாயைப் போய் உங்க அண்ணன்கிட்ட வச்சிக்கோங்க. என் அண்ணன் காதுல விழுந்தா எல்லாம் கெட்டுச்சு."

*

அவள் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது லாரி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் மாவு மூட்டைகளை எண்ணி ஏற்றிவிட்டு முன்சீட்டில் ஏறப் போனவர், தங்கையைப் பார்த்துவிட்டு இறங்கினார். புருவம், மீசை எல்லாம் மாவு. அறுபது வயதான அந்த மனிதர் ஐம்பத்து மூன்று வயதான தங்கையை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன பாப்பா, இப்படி மூச்சு வாங்குது? மறுபடியும் அந்தத் தாளா?"

"ஆமா அண்ணே."

"நான்தான் சொல்லிட்டேனே. அறுத்த மேசையில பாதி வாங்கின தாத்தாவோட பேரன் நான். அந்தச் செங்கக்காரன்கிட்ட என் பேரைக் கொடுக்கச் சொல்றியா?"

"பேருதான் அண்ணே."

"பேருதானா! உனக்கு முப்பது வருஷமாப் பேர் எழுதறதுதான் வேலை. நீயே பேருதான்னு சொல்றியே!"

பேசுவதற்கென்று அவள் யோசித்து வைத்ததெல்லாம் வழியிலேயே கொட்டிப்போய்விட்டது. வெறுமனே, மாவு படிந்த தரையில் உட்கார்ந்துவிட்டாள். லாரி டிரைவர் பக்கத்தில் இருப்பதைக்கூடப் பார்க்காமல் அழுதாள்.

"அண்ணே, கல்குவாரி ஊருக்கு டி.சி. எழுதினேன். அதுவரைக்கும் தாங்கினேன். காட்டோரத்துக்கு எழுதினேன். கணவாய்க்கும் எழுதினேன். நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு என் கையால எழுத மாட்டேன் அண்ணே. கை வராது. உன் பேத்தி பேரை நான் எப்படி எழுதுவேன் சொல்லு?"

மில் பெல்ட் ஓடி ஓடித் தானாக நின்றது. அண்ணன் அவள் கையிலிருந்த தாளை வாங்கினார். லாரிப் படியில் அதை விரித்தார். சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, அதன் மேல் ஊதி, 'இணையும் பள்ளி' என்ற கட்டத்தில் ஒரு குத்துக் குத்தினார். கையெழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு போயிற்று.

"எழுந்திரு பாப்பா. சேலையெல்லாம் மாவு. வீட்டுக்காரன் பார்த்தா அண்ணன் உன்னை மாவுல புரட்டி எடுத்துட்டான்னு நினைக்கப்போறான்."

அவள் அழுகையோடு சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. லாரியில் ஏறி உட்கார்ந்து, "மலைக்கு அந்தப் பக்கம் லோடு. திரும்ப நடுராத்திரி ஆகும். அதுவரைக்கும் யார் மூஞ்சியையும் பார்க்க வேண்டாம். அதுவும் நல்லதுதான்" என்றார். முத்திரை அவர் பையிலேயே போயிற்று. லாரி வளைவில் மறைந்தது.

கீழே இறங்கும்போது அவள் கால் தரையில் பாவவில்லை. பாதித் தூரத்தில், கணவனைக் கூப்பிட்டுச் சொல்லலாமென்று கைப்பேசியைப் பார்த்தாள். எந்த நாளும் அந்தச் சரிவில் எடுக்காத சிக்னல் அன்றைக்கு மட்டும் எடுக்குமா? எடுக்கவில்லை. போகட்டும், பாதிக் காரியம்தான் முடிந்ததே. மீதிப் பாதி இன்னும் சுலபம். 'ஏற்கும்' என்று கையெழுத்துப் போட யாருக்குத்தான் கசக்கும்?

*

மூன்று அடிக்க ஐந்து நிமிஷம். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அதிகாரியும் சேர்ந்து வாசலுக்கு வந்துவிட்டார். கணவன் வண்டியை நிறுத்தாமலே குதித்தான். வண்டி சுவரில் சாய்ந்து விழுந்தது. அவன் முகம் அழுதழுது சிவந்திருந்தது. அவன் அழுது அவள் பார்த்தது மகள் பிறந்த அன்று ஒரு தடவைதான்.

"அண்ணன் போட்டுட்டார். அண்ணன் தெய்வம்! நீ தெய்வம்னு சொல்வே பாரு!"

"ஏற்கும்ல போடறதுக்கு என்னங்க தெய்வம்?" என்று சிரித்துக்கொண்டே தாளை வாங்கினாள்.

வாங்கியவள் அப்படியே நின்றாள்.

"நான் நீ சொன்ன மாதிரித்தான் சொன்னேன்" என்றான் அவன். வார்த்தைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. "அவ அவளோட அண்ணன் கால்ல விழப் போயிருக்கா, நீங்க ஏத்துக்கிட்டாப் போதும்னு சொன்னேன். அண்ணன் சூளையிலேர்ந்து எழுந்துட்டார். 'என்னடா சொல்ற? நம்ம வீட்டுக்கு வாழ வந்த பொண்ணு பொறந்த வீட்டுல போய்க் கால்ல விழறதா? நான் உசுரோட இருக்கும்போதா? நம்ம வீட்டுப் பொண்ணு தலை குனியறதுக்கு நம்ம பேரு போறதே மேல்'னாரு. சொல்லிக்கிட்டே 'இணையும்'ல குத்திட்டார். முப்பது வருஷம் புடிச்ச வீம்பை உனக்காக ஒரு நொடியில விட்டுட்டாருடி! நான் அழுதுட்டேன். உன் அண்ணனுக்கு இனி விட்டுக் கொடுக்கற வேலையே இல்ல, சும்மா ஏத்துக்கிட்டாப் போதும்னு பறந்து வந்தேன். எங்க உன் தாள்? உன் அண்ணன் இன்னும் போடலைன்னா நான் போய்..."

அவள் தன் தாளை நீட்டினாள்.

இரண்டு தாள்களும் பாதி மேசையின் மேல் பக்கம் பக்கமாகக் கிடந்தன. இரண்டிலும் 'இணையும் பள்ளி' என்ற கட்டத்தில் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. இரண்டிலும் 'ஏற்கும் பள்ளி' காலியாக இருந்தது. தொண்ணூறு வருஷம் ஒரு அங்குலம்கூட விட்டுக் கொடுக்காத இரண்டு ஊரும் அன்று ஒரே நாளில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்துவிட்டன. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

கணவனுக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"சார்" என்றாள் அவள். "ரெண்டு பேருமே சம்மதிச்சிட்டாங்க சார். இதைவிடச் சம்மதம் வேற என்ன சார் வேணும்?"

அதிகாரி இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். அந்தப் படிவத்தில் மூன்றாவதாக ஏதாவது கட்டம் முளைத்திருக்காதா என்று தேடுவதுபோல இருந்தது.

"இதை நான் கொண்டுபோனா, ரெண்டு பள்ளிக்கூடமும் தானே கலைஞ்சிட்டதாகத்தாம்மா எடுத்துப்பாங்க. யாராவது ஒருத்தர் ஏத்துக்கணும். யாராவது ஒருத்தர்."

"நான் போறேன்" என்று எழுந்தான் கணவன். "உன் அண்ணன்கிட்ட..."

"லாரியில போயிட்டார்."

"போன் போடு!"

போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக. மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதே மரியாதை. சூளைக்குப் போய்வர நாலு மணி நேரம். அங்கே போன் எடுத்தாலும் போன் வழியாக முத்திரை வருமா?

"நானே எழுதிடறேன் சார்" என்றாள் திடீரென்று. பேனாவை எடுத்துவிட்டாள். "ரெண்டு பேர் கையெழுத்தும் எனக்குத் தெரியும். முப்பது வருஷமாப் பாக்கறேன்."

"முத்திரைம்மா" என்றார் அதிகாரி, தரையைப் பார்த்துக்கொண்டு. "முத்திரை இல்லாததைக் கொடுத்தா அங்கேயே கிழிச்சிடுவாங்க. எனக்காகச் சொல்லல. சத்தியமா எனக்காகச் சொல்லல."

அவரே தன் அலுவலகத்துக்குப் பள்ளி வாசலில் இருந்த பழைய போனிலிருந்து பேசினார். ஒரு நாள் தவணை கேட்டார். பிறகு ஒரு மணி நேரம் கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். மறுமுனையில் இருந்தவரும் கெட்டவர் இல்லை போலிருக்கிறது. அவரும் மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டர் தானாகப் பூட்டிக்கொள்ளுமாம். அதைத் திறக்கிறவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மணி மூன்று இருபது. போனை வைத்துவிட்டு அதிகாரி திரும்பியபோது ரிஜிஸ்டரக்கா இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரங்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒரு தாள் கொஞ்சம் மாவாக இருந்தது, இன்னொன்று கொஞ்சம் செங்கல் பொடியாக இருந்தது. இரண்டையும் முந்தானையால் துடைத்தாள்.

"என் மேலதான் தப்பு சார். அவர்கிட்ட நான் அண்ணன் கால்ல விழப் போறேன்னு சொல்லியிருக்கக் கூடாது. ஏற்கும்ல போடச் சொல்லுங்கன்னு மட்டும் சொல்லியிருக்கணும்."

"நான்தான் ரெண்டு பிரதி கொடுத்தேன்" என்றார் அவர்.

"நான்தான் தடுக்காம விட்டேன்" என்றான் படியிலிருந்து கணவன். "கையைப் பிடிச்சிருக்கணும். அண்ணே, அந்தக் கட்டம் இல்லன்னு சொல்லியிருக்கணும். அந்த நேரத்துல எப்படிடி சொல்றது? அவர் கண்ணுல தண்ணி..."

அந்த வாயாடி வாயடைத்துப் போனதை அவள் முதல்முறையாகப் பார்த்தாள்.

அடுத்த அறையில் கணீர்க் குரல் டீச்சர் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். அதில் எது மேட்டூர்க் குரல், எது ஆற்றங்கரைக் குரல் என்று பிரித்துச் சொல்ல எந்த அதிகாரியாலும் முடியாது.

"இவங்ககிட்ட எப்போ சொல்லணும் சார்?"

"கடிதம் வரும். பதினைஞ்சு நாள் ஆகும். வந்தப்புறம் சொன்னாப் போதும்."

"டி.சி.?"

அவர் பையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். நூல் போட்டுக் கட்டிய வெற்று மாற்றுச் சான்றிதழ்கள். பட்டியலில் இருக்கும் எல்லாப் பள்ளிக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். "ஐம்பது இருக்கு" என்றார், யாரோ அடித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு. "எழுத்துப் பிழை வந்தா மாத்திக்க நாலு கூடவே இருக்கு."

"எனக்குப் பிழை வராது சார்" என்றாள் அவள்.

பெருமையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்கு. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அண்ணனிடம் கை வராது என்றாளே, அது பொய். கை வரும். முப்பத்தொரு வருஷப் பழக்கம், பேனாவைப் பிடித்தால் அது பாட்டுக்கு எழுதும். அவள் அழுதாலும் எழுத்து கோணாது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

கணவன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். கிரீஸ் காய்ந்த கையை அவள் தோளில் வைக்கத் தயங்கி, மேசை விளிம்பில் வைத்துக்கொண்டான்.

"நடுராத்திரி அண்ணன் வருவார்" என்றாள் அவனைப் பார்க்காமல். "வந்ததும் இங்கதான் வருவார். காரியம் ஆச்சான்னு கேப்பார். நான் என்ன சொல்றது?"

"எங்க அண்ணனும் கேப்பார்" என்றான் அவன்.

"உங்க அண்ணன் விட்டுக் கொடுத்தார்னு சொன்னா என் அண்ணன் உடைஞ்சு போயிடுவார். என் அண்ணன் விட்டுக் கொடுத்தார்னு சொன்னா உங்க அண்ணன் உடைஞ்சு போயிடுவார். சொல்லலைன்னா இன்னும் தொண்ணூறு வருஷம் சண்டை போடுவாங்க. எதை வச்சுச் சண்டை போடுவாங்க? அதுக்குக்கூட ஒண்ணும் மிச்சம் இல்லையே."

ஜீப் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தான். அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆறுதலா, சட்டமா, இரண்டில் எது என்று தெரியவில்லை. கடைசியில் காலையில் குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் காட்டி, "டீ நல்லா இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுத் தானே கூனிப்போனார்.

"இருட்டறதுக்குள்ள இறங்கிடுங்க சார். மூணாவது வளைவுல கல்லு சரிஞ்சு கிடக்கு" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். வராந்தாவில் அவருடைய காலணிச் சத்தம் வகுப்பறை வாசல்வரை போய், அங்கே ஒரு கணம் நின்று, பிறகு வேகமாகப் படி இறங்கிற்று. ஜீப் கிளம்பியது. வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை "டாட்டா சார்!" என்று கத்த, மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

மேசை மேலிருந்த சான்றிதழ்க் கட்டு பிள்ளைகள் கண்ணில் படாதபடி, ரிஜிஸ்டரக்கா எழுந்து போய் ஆபீஸ் அறையின் கதவைச் சாத்தினாள்.